நான்காவது கியர்

ஸ்டார்ட் ஆனது. முதல் நல்ல செய்தி.
சாவியைத் திருகிய ஷம்சீர்
குழந்தை பிறந்ததைச் சொல்ல வந்தவன்போல
என் முகத்தைப் பார்த்தான்.

வெள்ளை. வெள்ளையில் மட்டும்தான் இந்த விலை.
பம்பர் சாயம் பூசாத கறுப்புப் பிளாஸ்டிக்,
நல்லதுதான், இடித்தால் மனசு வலிக்காது.
கண்ணாடி இறக்கக் கைப்பிடி.
சுற்றிப் பார்த்தேன், ஐந்தேகால் சுற்று.
தரையில் ரப்பர், குழாய் பிடித்துக் கழுவலாம்.
திரை கிடையாது, கேமரா கிடையாது,
ரேடியோ ஓட்டுபவர் கதவில் மட்டும் பேசும்.
"ஐம்பத்தெட்டாயிரம் திர்ஹத்துக்கு
வேறென்ன வேணும் அண்ணா?"
என்ன வேண்டும் என்று எழுதித்தான் வைத்திருந்தேன்,
பழைய கொட்டேஷன் தாளின் பின்பக்கத்தில்.

ஃபுஜைரா, ஆகஸ்ட், மதியம் இரண்டு மணி.
கடற்காற்று ஈரத்துணியாய் முகத்தில் ஒட்டும் நேரம்.
கேட்டு வாங்கிய நேரம்.
காலை ஏழு மணிக்கு எல்லா வண்டியும் நல்ல வண்டி.

பதினைந்து வருஷமாய் ஏசி பார்ப்பவன் நான்.
மற்றவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள்,
நான் தெர்மாமீட்டரைக் காற்றுத்துளையில் செருகினேன்.
முப்பத்தொன்று. இருபத்துநாலு. பதினேழு.
சிக்னலில் நின்றால் பதினெட்டரை,
ஓடினால் பதினொன்று.
கம்ப்ரஸர் பொய் சொல்லவில்லை.

பாரம் நாங்களே கொண்டுபோயிருந்தோம்.
வெளி யூனிட் நாலு, கேஸ் சிலிண்டர் இரண்டு,
ஏணி, செம்புக் குழாய்ச் சுருள்,
மிச்ச எடைக்குச் சிமெண்டு மூட்டை.
"டெஸ்ட் டிரைவுக்கு யாரும் சிமெண்டு கொண்டுவரமாட்டாங்க."
"வாங்கினப்புறம் யாரும் சும்மா ஓட்டமாட்டாங்க"
என்றார் கொளஞ்சி, பின்தட்டில் நின்றபடி.
பட்டைவில் தாழ்ந்தது, முனகியது, நின்றது.
காலியாக இருந்தபோது துள்ளித் திரிந்த வண்டி
சுமை ஏறியதும் பெரிய மனுஷனாகிவிட்டது.

மூன்று பேருக்குத்தான் இடம். ஷம்சீர்
லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஷோரூமுக்குள் போய்விட்டான்.
மஸாஃபி போகும் மலைச்சாலை.
கொளஞ்சி ஓட்ட, ஜன்னலோரம் நான்,
நடுவில் தாமாங்,
நேபாளத்திலிருந்து வந்து ஏழு வாரம்.

ஏற்றத்துக்கு மூன்று, கொஞ்சம் சமமானால் நான்கு,
கல் லாரியின் பின்னால் மறுபடி மூன்று.
எஞ்சின் கத்தியது, ஆனால் தயங்கவில்லை.
சூட்டு ஊசி நடுக்கோட்டைத் தாண்டவில்லை.
எழுதினேன்: கிளட்ச் கனம். பிரேக்கை நம்பலாம்.
ஸ்டீயரிங், சொன்னால் சற்று யோசித்துவிட்டுத்தான் கேட்கும்.

நான்காவது கியர் விழும்போதெல்லாம் ஒரு 'டொக்'.
புது வண்டியிலேயேவா?
பெரிய கேள்விக்குறி போட்டேன்.
காதைத் தாழ்த்திக்கொண்டு வந்தேன்.
அரை மணி நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.
சரி, பல் படிந்துவிட்டது என்று
கேள்விக்குறியை அடிக்கப் பேனாவை எடுத்தபோதுதான் பார்த்தேன்:

கொளஞ்சி கிளட்சை மிதிக்கும் முன்பே
தாமாங்கின் இடது முழங்கால் ஒதுங்கியது.
அந்தப் பேன்ட் பையில் ஸ்பானர்.
அதில்தான் இவ்வளவு நேரமும் குமிழ் இடித்திருக்கிறது.
எஞ்சின் சத்தத்தை வைத்தே
எப்போது நான்கு வரும் என்று கணக்குப் பிடித்துவிட்டான்.
எங்கள் மூவரில் இந்த வண்டியை
நன்றாய்ப் படித்தவன் அவன்தான்.
அவனிடம் தாள் இல்லை.

"வலிக்குதா?" என்று இந்தியில் கேட்டேன்.
"நோ பிராப்ளம் சார்."
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

திரும்பும்போது நடுவில் நான்.
பெல்ட் இடுப்புக்கு மட்டும். தலைக்குப் பின்னால் ஒன்றுமில்லை.
காற்றுத்துளை இரண்டும் என்னைத் தாண்டிப் பக்கத்து ஆட்களுக்கு வீசின.
பதினொன்று யாருக்கோ. எனக்கு இருபத்தாறு.
என் முழங்கால் நாற்பத்தாறு வயதுக்காரன்,
எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வதில்லை.

"எப்படி வண்டி?" என்றான் ஷம்சீர்.
"இரண்டாயிரம் குறை."
"ஏன்?"
பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினேன்.
சிரித்தான். எண்ணூறு குறைத்தான்.

வாங்கிவிட்டோம்.
குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்சைக்
குமிழில் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார் கொளஞ்சி,
பார்க்க அசிங்கம்.
நடு இருக்கையில் ஆள் மாறிமாறி உட்காருகிறோம்.
தாமாங்கின் முறை வரும் நாளில்
நான்கு விழப்போகும் நொடிக்குச் சற்று முன்னால்
அந்தக் கால் இன்னும் ஒதுங்குகிறது.