பதிவேட்டின் பின்பக்கம்

ஷப்ரினா,
மூன்றாம் இலக்க அறைக்காரர் விடிய ஐந்துக்குப் போகிறார்.
திறப்பு ஆணியில், மிச்சக் காசு உறைக்குள்.
அது அலுவல். இனி நீ கேட்டது:
அந்த விளையாட்டில் மூன்றாம் மாதமே
ஏன் முறிந்துபோகிறாய் என்று.

முதலில் கந்தோர் எடுக்காதே.
கண்ணாடிச் சுவரும் வட்ட மேசையும் கண்ணடிக்கும்.
கராஜிலேயே கிட.
வாடை தொடங்கிய பிறகு உப்புவெளிக் கரையில்
குடை விரித்து வெள்ளைக்காரனுக்குக் காத்திருக்கிற வேலை அது.
ஒருத்தரும் வராவிட்டாலும்
வாடகை மட்டும் நாள் தவறாமல் வரும்.

ஒருவரை மட்டும் வேலைக்கு எடு.
எனக்கு வந்தவன் ஒலாவ்.
விளையாட்டு வைத்த பெயர், நான் மாற்றவில்லை.
ஓய்வில்லாமல் எழுதவிட்டால்
அவன் தலைக்கு மேல் சின்னதாய் ஒரு சிவப்பு மேகம் எழும்பும்.
நீ அதைப் பார்த்திருக்கமாட்டாய்,
காசைத்தானே பார்த்துக்கொண்டிருப்பாய்.

சொந்தச் சரக்கு விலைபோகும்வரை
பிறத்தியான் வேலையைச் செய்துகொடு.
பெருமையில்லை. ஆனால் அரிசி.

ஒரே ஒரு வசதியைக் கட்டு.
அரட்டை, படம், பாட்டு, சந்தை என்று
நான் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கால்கோள் போட்டேன்.
ஐயாயிரம் பேர் ஓரிரவில் வந்தார்கள்.
சேர்வர் தாங்குவது இரண்டாயிரம்.
வந்த வாசலாலேயே திரும்பினார்கள்.
ஆள் வராமல் சாவது ஒரு வகை,
வந்து சாவது இன்னொன்று.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
வாளியை உச்சியில் கவிழ்க்கும்வரை எதுவும் தெரியாது.
எனக்கும் ஏழு கொம்பனி முறிந்தது.
ஒன்று கடனால், ஒன்று செருக்கால்,
மூன்று வெறும் நித்திரையால்.
மற்ற இரண்டும் ஏனென்று இன்றைக்கும் விளங்கவில்லை.

பெரிய விசயம் ஸ்பேஸ் கட்டைதான்.
அமத்தினால் நேரம் நிற்கும்.
நின்ற நேரத்தில் கணக்குப் பார்,
ஓடுகிற நேரத்தில் முடிவெடுக்காதே.

நேற்றிரவு எட்டாவது கொம்பனியில் இருந்தேன்.
லோறன்ஸ் அண்ணர் நனைந்த குடையோடு வந்தார்.
திரையைப் பார்த்தும் ஏசவில்லை.
"உனக்கு இதெல்லாம் ஓடுமெண்டால்
இதையும் ஒருக்காப் பார்" என்று
சம்பளத் தாளை வைத்தார்.
"மாசி மட்டும் அறையெல்லாம் வெறுமை.
ரெண்டு பேரை நிப்பாட்டவேணும்.
ஆரெண்டு சொல்லு."

பதினொரு வரி.
எட்டாவது நீ, ஒன்பதாவது நான்.

விளையாட்டில் பெயரை அமத்தினால்
'நிச்சயமாகவா?' என்று ஒரு பெட்டி வரும்.
ஆம் என்றால் கதிரை வெறுமையாகும்,
பக்கத்துச் செடித்தொட்டிகூட அசையாது.
தாளில் அந்தப் பெட்டியும் இல்லை.

ஸ்பேஸ் கட்டையை அமத்தினேன்.
ஒலாவ் ஒரு கையைத் தூக்கியபடி நின்றான்.
டச்சுக் குடாப் பக்கம் மழை நிற்கவில்லை,
கூரைத் தகரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

மேல்மாடி நாலு அறைக்கும் மெயினை நிப்பாட்டலாம்.
ஜெனரேற்றரைப் பத்து மணிக்கு மேல் ஓட்டத் தேவையில்லை.
சீனக்குடாவில் கப்பல் திருத்த வரும் என்ஜினியர்மாருக்கு
மாதக் கணக்கில் அறை கொடுக்கலாம்.
பிறத்தியான் வேலை, அரிசி.
இவ்வளவையும் தாளின் ஓரத்தில் எழுதி,
பெயர் ஒன்றையும் வெட்டாமல் நீட்டினேன்.

நின்றபடி வாசித்தார். இரண்டு தரம்.
"ம்" என்றார்.
குடையை விரிக்க மறந்து வெளியில் இறங்கினார்.

அந்த "ம்" எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.
விளையாட்டில் அப்படி ஒரு பொத்தான் இல்லை.

போர்ட்டிகோவில் இரண்டு மான் மழைக்கு ஒதுங்கி நிற்கின்றன.
ஈரம் துடைக்கப் போகிறேனென்று விரட்டிவிடாதே.
எட்டாவது கொம்பனியைச் சேமித்து வைத்திருக்கிறேன்,
கையில் நாற்பது நாள் காசு.
வேண்டுமென்றால் அதிலிருந்தே தொடங்கு.
முதல் வேலையாக
ஒலாவுக்கு லீவு கொடு.