அறுபத்தைந்து டெசிபல் கோடு

பொஹுமிலா கிரெய்ச்சி வீட்டுக் கொல்லையில்
முக்காலி மேல் நின்றது என் ஒலிவாங்கி,
பதினான்கு நாள், மழைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு.

அயோவாவில் சோளம் கதிர்விடும் மாதம்.
சரக்கு விமானங்களுக்காக ஓடுபாதை
இரண்டாயிரம் அடி நீள வேண்டும்.
நீளுமுன் மத்திய அரசு கேட்கும்:
யாருக்கு என்ன ஆகும்?
நல்ல கேள்விதான்.
பதில் எழுதும் கூலி நான்.

அலுவலகத்தில் ஒலியைப் புடைத்தேன்.
எது அரிசி, எது கல் என்பதைக் கையேடு சொல்லும்.
நாய் குரைத்தது: நீக்கு.
பக்கத்து வீட்டு ஆர்லோவின் புல்வெட்டி: நீக்கு.
தொலைபேசியில் அவள் செக் மொழியில் யாரையோ திட்டியது,
கொடியில் போர்வை படபடத்தது,
நீக்கு, நீக்கு.
மிஞ்சியது விமானம் மட்டும்.

பிறகு சராசரி.
இரவு பத்துக்கு மேல் பறக்கும் ஒன்றைப் பத்தாக எண்ணுவோம்;
அவ்வளவு கருணை சூத்திரத்தில் உண்டு.
அதையும் ஆண்டு முழுக்கப் பரப்பித் தடவினால்
அதிகாலை மூன்று நாற்பதுக்கு ஜன்னல் அதிர்ந்தது
ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் போய் ஒடுங்கும்.
சராசரியில் யாரும் திடுக்கிட்டு எழுவதில்லை.

வரைபடத்தில் கோடு அவள் வீட்டைத் தொட்டது.
உள்ளே என்றால் அரசு செலவில் இரட்டைக் கண்ணாடி.
வெளியே என்றால் ஒன்றுமில்லை.
அந்த வரைபடத்தில் கோட்டின் தடிமனே நாற்பது அடி.
படுக்கையறை மைக்குள் கிடந்தது.
கணினி சொன்னது: 64.8.

பள்ளி விளையாட்டரங்கில் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம்.
புல்வெளிப் பறவைகளுக்காக ஒருவர் பேசினார்;
கூடு கட்டும் மாதங்களில் வேலை நிற்கும் என்றார்கள்.
கைதட்டல். நானும் தட்டினேன்.
ஓடுபாதை வேண்டும் என்றான் ஆர்லோ,
மகனுக்குக் கிடங்கில் வேலை கிடைக்குமாம்.
அவள் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டாள்:
"விமானம் இல்லாதபோது என் வீடு எவ்வளவு?"
மேசைக்குப் பின்னால் நாங்கள் ஐந்து பேரும்
தாளைப் புரட்டினோம்.

நானூற்றுச் சொச்சம் பக்கம் தாண்டி
முடிவு ஒரே வரி:
குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.
எழுத்துப்பிழை பார்த்து அனுப்பியவன் நான்தான்.

நீக்கியவை இன்னும் என்னிடம் இருக்கின்றன.
அழிக்கச் சொல்லி ஏழு மாதம்.
ஆறாம் நாள், இரவு பதினொன்று இருபது:
கதவு திறக்கும் ஓசை. புல்லில் செருப்பு.
ஒலிவாங்கிக்கு வெகு அருகே வந்து
தொண்டையைச் செருமி
தேதியைச் சொல்கிறாள், கிழமையைச் சொல்கிறாள்.
பிறகு ஒன்றும் பேசாமல் நிற்கிறாள்,
அடுத்தது வரும்வரை.