டிச் பொத்தான்

நாலு கிலோமீட்டர்தான்.
சத்துவாச்சாரியில் என் மாடி,
பாபு ராவ் தெருவில் அவள் லாட்ஜ்.
ஆனாலும் பொட்டலம் முதலில்
ஸ்ரீபெரும்புதூர் போகும்,
அங்கே ஒரு ராத்திரி தூங்கும்,
எழுப்பிப் பட்டை ஒட்டி
மறுபடி வேலூருக்கே அனுப்புவார்கள்.
நாலு நாள். சட்டம் அப்படி.

ஷெஃபாலி மண்டல், அறை பதினேழு,
எக்ஸெல், மெரூன், முன்பக்கம் ஜிப்.
கூடவே இந்தியில் ஒரு வரி.
செல்போன் பெயர்த்துச் சொன்னது:
வியாழனுக்குள் வேண்டும், வெள்ளி ரயில்.

அன்றைக்கு அறுபத்தெட்டு ஆர்டர்.
மே மாசம். கரண்ட் போய் இரண்டு மணி நேரம்.
பகலெல்லாம் வாங்கிய வெயிலை
மலைகள் வட்டியோடு திருப்பிக்கொண்டிருந்தன.
ரேணு டேப் கிழிக்கிறாள்,
சபியா அளவுச் சீட்டு வைக்கிறாள்,
நான் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒட்டுகிறேன்,
வியர்வை பட்டு பார்கோடு நனைந்தால்
பொட்டலம் அநாதை.

"போய்க் குடுத்துட்டுதான் வாயேங்க்கா,
வண்டியில காமணி நேரம்" என்றாள் ரேணு.

போனேன்.
தெரு முழுக்க வங்காள எழுத்தில் மீன் குழம்பு.
கையில் எக்ஸ்ரே உறையோடு
ஆட்கள் அதை விசிறியாக்கி நின்றார்கள்.
மூன்று மாடி. லிஃப்டில் ஒரு சைக்கிள்.

நைட்டியை உடுப்பின் மேலேயே மாட்டிப் பார்த்தாள்.
ஜிப்புக்குக் கீழே ஒரு கை பிடித்தால்தான்
மேலே ஒரு கை ஏறும்.
அவள் வலது கை
இன்னும் விலாவோடு ஒட்டிக் கிடந்தது.
மூன்று முறை இழுத்தாள்,
மூன்று முறையும் துணியே கூட வந்தது.
போட்டுவிட எழுந்த கணவரைக்
கண்ணாலேயே உட்காரவைத்தாள்.

"ரிட்டர்ன்" என்றார் அவர்.
அந்தச் சொல்லுக்கு எந்த ஊரிலும்
மொழிபெயர்ப்பு வேண்டாம்.

அன்று சபியா விஷாரம் பஸ்ஸை விட்டாள்.
ஜிப்பைப் பிரித்து, பட்டி வைத்துத் தைத்து,
பதினொரு டிச் பொத்தான்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தைத்தாள்.
நான் கொசு விரட்டினேன்.

காலை ஆறரை. அதே மூன்று மாடி.
இடது கட்டைவிரல், இடது ஆள்காட்டி.
டிச்.
பதினொன்றையும் போட்டாள்.
பதினொன்றையும் பிரித்தாள்.
மறுபடி போட்டாள், கொஞ்சம் வேகமாக.
கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி
ரொம்ப நேரம் கோட்டையைப் பார்த்தார்.
ஜன்னலில் கோட்டை தெரியாது,
எதிர் லாட்ஜ் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

பிறகு முந்நூற்று நாற்பத்தொன்பதில்
முப்பது குறைக்கச் சொன்னார்.
இருபது குறைத்தேன்.

ஆன்லைன் ஆர்டர் ரத்தானது.
காரணம்: விற்பனையாளர் பொருளை அனுப்பவில்லை.
என் நட்சத்திரம் நாலு புள்ளி மூன்றிலிருந்து
நாலுக்கு இறங்கியது.

இப்போது நாளைக்கு இருநூற்றுப் பத்து,
பாதிக்கு மேல் டிச் மாடல்.
அகர்தலா, கட்டாக், கொல்லம்,
பெயர் வாசிக்க வராத ஊர்களெல்லாம்.
போன மாசம் காட்பாடியில் பெண் தொழில்முனைவோர் கூட்டம்,
வெற்றிக் கதை சொல்லப் பத்து நிமிஷம்.
ஜிஎஸ்டி பற்றிப் பேசினேன்,
போட்டோவுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும்,
ரிட்டர்ன் நூற்றுக்கு ஒன்பதைத் தாண்டக் கூடாது.
கைதட்டிச் சால்வை போட்டார்கள்.
பாலியஸ்டர். கழுத்தில் பட்டதும் தெரிந்தது.

நேற்று அந்தப் பெயர் திரும்ப வந்தது.
ஷெஃபாலி மண்டல், மால்டா.
டிச் மாடல், இரண்டு.
அளவு: எம்.

எக்ஸெல் எப்படி எம் ஆனது?
இளைத்துவிட்டாளா,
தங்கச்சிக்கா, மகளுக்கா,
அவள் பெயரில் வேறு யாராவது வாங்குகிறார்களா?
ரேணு என்னைப் பார்த்தாள்.
அளவுச் சீட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

எம் இரண்டையும் மேஜையில் விரித்து
ஒவ்வொரு பொத்தானாக
இடது கையால் போட்டுப் பார்த்தேன்.
இருபத்திரண்டும் விழுந்தது.
மடித்தேன். பட்டை ஒட்டினேன்.

இது ஸ்ரீபெரும்புதூர் வழியாகவே போகட்டும்.