உப்பில்லாத நீர்

சீலோயே தீவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
ஜூலையில் ஒருநாள்
கோயில் திறக்கப் போன ஒதிலியா
ஓடி வந்து கதவைத் தட்டினாள்:
"நாசரேயர் அழுகிறார், வா."

போகவில்லை.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
அவர் அழுதால் எனக்கென்ன,
நான் அழுதபோது யார் வந்தார்?

மாலைக்குள் பக்கத்துத் தீவுப் படகுகள் சேர்ந்துவிட்டன.
மெழுகுவத்தி, அக்கார்டியன்,
முடங்கிய கால், பேசாத பிள்ளை.
மரக்கன்னத்தில் இறங்கிய துளியைப்
பஞ்சில் ஒற்றிச் சீசாவில் அடைத்தார்கள்.

எனக்குத் தெரியும், அது எங்கிருந்து வருகிறதென்று.
பீடத்துக்கு நேர்மேலே, மூன்றாம் வரிசையில்
ஒரு மர ஓடு இல்லை.
மார்ச்சில் பறந்தது.
இத்தனை நாள் தரையில் சொட்டியது,
காற்று திரும்பியதும் முகத்துக்கு நகர்ந்துவிட்டது.
"திங்கட்கிழமை ஏறி அடித்துவிடுகிறேன் அம்மா"
என்றவன் நொல்பெர்த்தோ.
புது ஓட்டைச் சீவிக்கூட வைத்திருந்தான்,
என் விறகோடு எரிந்துவிடாதபடி
அதன்மேல் கரியால் தன் பெயரை எழுதி.

திங்கட்கிழமை சால்மன் பண்ணையில் கூப்பிட்டார்கள்.
வலை கிழிந்திருக்கிறது, ஒரே ஒரு முக்குளிப்பு.
காற்றுக்குழாய் மடிந்ததை
மேலே நின்றவன் கவனிக்கவில்லை.
நாலாம் நாள் கிடைத்தான்.
அரை நிமிடம் திறந்து காட்டினார்கள்,
தொட விடவில்லை.
கம்பெனி அனுப்பிய மலர்வளையத்தில்
பெயரைத் தப்பாக எழுதியிருந்தது.

அன்றிலிருந்து செபத்தில்
ஆமென் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்வேன்.

கூட்டம் கலைந்த இரவில்
ஓட்டையும் சுத்தியலையும் எடுத்துப் போனேன்,
அவருடைய பொய்யை அடைக்க.
முதலில் உள்ளே ஏணி சாய்த்து
விளக்கைத் தூக்கினேன்.

இத்தனை வருடம் தூரத்தில் பார்த்த முகம்.
செதுக்கியவனுக்குக் கை நடுங்கியிருக்க வேண்டும்,
ஒரு கண் சற்றே கீழே.
ஊறிப் பெருத்த கன்னம்.
நாலாம் நாள் கன்னம்.

துளியைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பில்லை. வெறும் மழை.

"லாசருக்கும் நாலு நாள் பிந்தித்தான் வந்தீர்.
அங்கே அழவாவது செய்தீர்.
இங்கே அதற்கும்
என் மகன் விட்டுப்போன ஓட்டை வேண்டியிருந்ததா உமக்கு?"

கப்பல் வயிறுபோலக் கோயில்
என் குரலை எனக்கே திருப்பித் தந்தது.
அப்புறம் சொட்டு. சொட்டு.
நெற்றியில் விழுந்து, மூக்கோரம் இறங்கி,
தாடியில் தயங்கி.
இரு கையும் சிலுவையைப் பிடித்திருக்க
அவரால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஏப்ரனால் துடைத்தேன்.
நெற்றி, கண், அந்தக் கன்னம்.
துடைக்கத் துடைக்க நனைந்தது.
நடுவில் எப்போதோ என் கண்ணும் சேர்ந்துகொண்டது.
எந்தத் துளி யாருடையதென்று
பிறகு ருசித்துப் பார்க்கவில்லை.

விடிந்ததும் கூரையேறி அடித்தேன். நாலு ஆணி.
கரியெழுத்து உள்பக்கம் இருக்கட்டும் என்று,
அவர் நிமிர்ந்தால் தெரியும்படி.

அற்புதத்தை நிறுத்திவிட்டாயே என்று
ஒதிலியா ஒரு மாதம் பேசவில்லை.
ஞாயிற்றுப் பூசையில்
'ஆ' வரைக்கும் வந்தேன்.
மீதியை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.