சான்றுப் பொருள் இலக்கம் ஒன்று

சார்ஜன்ட் ஏகநாயக்கவின் வாய்க்குள்
என் பெயர் பாதிதான் போகும்.
மருதவீரனை மருந்து என்பார்.
எந்தத் தலைவலிக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்.

அவர் தொண்ணூற்றாறு கிலோ,
கிளங்கன் ஆஸ்பத்திரியில் நிறுத்தது.
நான் அவர் நிழலைவிட மெலிவு.
அவர் சிங்களத்தில் மிரட்டுவார்,
நான் அதையே தமிழில் கெஞ்சுவேன்.
எங்கள் விசாரணை அவ்வளவுதான்.

அன்றைக்கு மேற்பிரிவு மடுவத்தில்
கொழுந்துத் தராசைக் காணோமென்று முறைப்பாடு.
எங்கள் ஜீப்புக்கு ரிவர்ஸ் விழாது.
வழி தவறினால்
மலையை முழுதாகச் சுற்றித்தான் திரும்ப வேண்டும்.
இரண்டு தரம் தவறினோம்.
மாலு பாணும் தீர்ந்தது, பேச்சும் தீர்ந்தது.

கள்ளன் ஒளிந்திருக்கவில்லை.
பத்தாம் லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தில்
தராசு பகிரங்கமாகத் தொங்கியது.
கீழே சந்தனமேரி,
கொக்கியில் ஒரு அரிசிப் பை.
"அஞ்சு கிலோ பை சேர். நாலரை காட்டுது."
மொழிபெயர்த்தேன்.
"கடைக்காரன் களவு" என்றார் சார்ஜன்ட்.
பையை இறக்கிவிட்டுத்
தானே தொங்கினார்.

தொப்பி விழுந்தது. கிளை முனகியது.
முள் நடுங்கி நடுங்கி எண்பத்தாறில் நின்றது.

மஸ்கெலியாவில் ஜூலை மாதம்
அப்படியொரு வெயிலை யாரும் கண்டதில்லை,
அவர் முகத்தில் அடித்தது.
"மருந்து! நான் பத்துக் கிலோ இல்லை!"
தமிழிலேயே கத்தினார்.

எனக்குள் அம்மாவின் கணக்கு ஓடியது:
இருபது பறித்து, பதினெட்டு விழுந்து,
அரைப் பேர் எழுதிய நாட்கள்.
எத்தனை அரைப் பேரில்
என் காக்கிச் சட்டைக்குத் துணி எடுத்தாளோ.
சார்ஜன்ட் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தார்.
சிங்களத்தில் சொன்னேன்,
இம்முறை கூட்டாமல் குறைக்காமல்.

இறங்கினார்.
போன வயிறு திரும்பி வந்ததுபோல்
அதை நெடுநேரம் பார்த்தார்.
பிறகு புத்தகத்தைத் திறந்து எழுதினார்:
சந்தேக நபர், தராசு. வயது தெரியாது.
குற்றம், ஆளுக்கு இரண்டு கிலோ, தினமும்.
முறைப்பாட்டாளர், சந்தனமேரி.

ஜீப்பில் பின் சீட்டைத் தராசுக்குக் கொடுத்தோம்.
கையெழுத்து வைத்த சந்தனமேரி
முன் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தராசு இப்போது கம்பிக்குள்.
துரை போன் எடுத்தால்
சார்ஜன்டுக்கு இங்கிலீஷ் விளங்காது,
எனக்குச் சிங்களமே மறந்துவிடும்.

காலை டூட்டிக்கு வரும்போது
கூட்டுக்குள் ஒரு முனகல் கேட்கும்.
வெளியே ஒரு சோடி சப்பாத்து.
வாசலிலேயே நின்று இருமுவேன்.
"எத்தனை சேர்?"
"எண்பத்தஞ்சு, மருந்து" என்பார்
வெட்கத்தோடு.