இரவல் காட்சி

ஹம் நகரில், சரக்கு ரயில்கள் பெட்டி மாற்றும்
தண்டவாளக் காட்டுக்கு இப்பால்
எங்கள் சங்கத் தோட்டம். என் துண்டு நாற்பத்து மூன்று.
வேலிக்கு அந்தப்பக்கம், நாற்பத்து நான்கில்,
லூட்கே ஒரு சீனத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

முப்பது வருடம் ரயில் அட்டவணை போட்டவர்.
ஒரு வியாழக்கிழமை மேசையைக் காலிசெய்யச் சொன்னார்களாம்.
அதன்பிறகு நேராக எதையும் செய்ததில்லை.

வாசலிலிருந்து கொட்டகைக்குப் பதினாறு எட்டு.
அவர் போட்ட பாதையில் அறுபத்தொன்று;
எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
"பேய்க்குத் திரும்பத் தெரியாது" என்றார்.
"ரயிலுக்கும்" என்றேன்.
அன்றுதான் அவருடைய பற்களைப் பார்த்தேன்.

மண்வெட்டியில் சாய்ந்தபடி கதைப்பார்:
சூச்சௌ என்றொரு ஊர். பதவி போன அதிகாரிகள்
அங்கே திரும்பிவந்து மதில் எழுப்புவார்கள்.
தெருவுக்கு வெறும் வெள்ளைச் சுவர், ஒடுங்கிய கதவு.
உள்ளே ஒரு மலை, ஒரு கடல், கடலைப் பார்க்க ஒரு மண்டபம்.
எதையும் ஒரே பார்வையில் கொடுத்துவிடக் கூடாது.
கல் மெலிந்திருக்க வேண்டும், தோல் சுருங்கி, ஓட்டை விழுந்து,
மழை ஒரு வழியால் நுழைந்து
மறந்துபோய் வேறு வழியால் வெளியேறும்படி.

ஒருவன் வருடக்கணக்காய்க் கட்டிய தோட்டத்தை
மகன் ஒரே இரவில் சூதில் விட்டானாம்.
சூதென்றால் எங்களிடமும் நீண்ட கதை உண்டு என்றேன்.
சொல்லச் சொன்னார்.
எனக்குப் பாகலுக்குத் தண்ணீர் விட வேண்டியிருந்தது.

கடல், பழைய குளியல் தொட்டி.
மலை, மூடிய சுரங்கத்தின் கசடு.
பாலத்துக்குப் போட்ட தண்டவாளக் கட்டைகளை
தார் விஷம் என்று தூக்கவைத்தாள்
சங்கத் தலைவி பிரிங்க்ஹோஃப்.
பிறகு அவர் சுவர் எழுப்பினார்;
சுவரில் முழுநிலவாய் ஒரு சன்னல்.

வேலி ஒன்றேகால் மீட்டர், நிலத்தில் மூன்றிலொன்று காய்கறி:
விதி அது. அளவுநாடாவோடு வந்து கேட்டாள்,
"காய்கறி எங்கே?"
லூட்கே அவளைச் சன்னலுக்கு முன்னால் நிறுத்தினார்.

வட்டத்துக்குள்
என் பாகல் பந்தல்.
மஞ்சள் பூ, சொரசொரத்துப் பதினொரு காய்,
பின்னால் ஒரு கிரேன், அசையாமல்.

"இரவல் காட்சி" என்றார்.
"பக்கத்து மலையையும் சேர்த்துத்தான்
அங்கே தோட்டம் என்பார்கள்."

குளிர்கோட்டு, பிணைக் கையெழுத்து,
பிள்ளையின் முதல் சைக்கிள்:
இந்த ஊரில் நான் இரவல் வாங்கியதற்குக் கணக்கு உண்டு.
என்னிடம் ஒருவர் வாங்கியது அது முதல் தடவை.
அதுவும் கேட்காமல்.

அக்டோபர் கூட்டத்தில் முப்பத்தெட்டுக் கைகள்
சுவருக்கு எதிராக எழுந்தன.
என் கை எழவில்லை.
அவருக்காகவும் எழவில்லை; மடியில்,
கைப்பையின் வாரைப் பிடித்தபடி கிடந்தது.

சுவர் போயிற்று. சன்னலின் மரவளையத்தை மட்டும்
செர்ரிக் கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.
காற்றில் ஆடும். அதற்குள் இருப்பதும் ஆடும்.
அதற்கு விதி ஏதும் இல்லை, இன்னும்.

மே நடுவில், கடைசிப் பனி போனதும்
பந்தல்கால் நட்டேன்,
போன வருடத்தைவிட இரண்டடி இடப்பக்கம்.
வெயிலுக்கா என்று மகன் கேட்டான்.
ஓம் என்றேன்.