ஏழு மீட்டர் தள்ளி

கொசப்பேட்டையில் மாடி அறை.
நீளம் நாலு மீட்டர், முட்டைத் தட்டு ஒட்டிய சுவர்.
கீழே பஞ்சர் கடைக் கம்ப்ரஸர்
மூச்சு இழுக்கும்போதெல்லாம் ரெக்கார்டிங்கை நிறுத்துவேன்.

சாலமன் பொன்னுரங்கம் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தித்
தலையைச் சாய்க்கிறான்.
"லேட்டா கீதுக்கா."
எட்டு மாதமாக இதையே சொல்கிறான்.
எட்டு மாதமாக நானும்
"உன் கைதான்டா லேட்டு."

நேற்று ராத்திரி கரண்ட் போய் வந்த பிறகு
தூக்கம் பிடிக்காமல் கணக்குப் போட்டேன்.
நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துளி ஒலி.
ஆயிரத்து இருபத்துநான்கு சேர்ந்தால்தான்
ஒரு குடம் என்று கம்ப்யூட்டர் தூக்கிக் கொடுக்கும்.
குடம் நிறைய இருபத்தோரு மில்லி நொடி.
அதற்குள் சத்தம் காற்றில் நடந்தால்
ஏழு மீட்டர் போயிருக்கும்.

என் அறையோ நாலு.
அப்படியென்றால் இத்தனை நாளும் அவன்
சுவருக்கு அப்பால், அந்தரத்தில்,
பஞ்சர் கடை போர்டுக்கு மேலே நின்றுதான்
தன் கையைக் கேட்டிருக்கிறான்.

குடத்தைச் சின்னதாக்கினேன். அறுபத்துநான்கு.
கட்டையும் சத்தமும் ஒட்டிக்கொண்டன.
கூடவே பொட்டுப் பொட்டென்று வெடிப்பு,
எண்ணெயில் ஈரக் கடுகு விழுந்த மாதிரி.
சின்னக் குடம் சீக்கிரம் காலி;
அடுத்ததைப் பிடிக்கப் போனால் குழாயடியில் வேறு யாரோ.

யாரென்று பார்த்தேன்.
வைஃபை, ஒருத்தரும் கேட்காமலே,
தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தது.
ஃபைல்களுக்கு அட்டவணை எழுதும் ஒன்று
நடுச்சாமத்தில் அவ்வளவு சுறுசுறுப்பு.
ப்ராசஸர், கிடைத்த அரை மில்லி நொடியிலும் கண்ணயர்ந்து
எழுப்பினால் சோம்பல் முறித்தது.
யாரும் கெட்டவர்கள் இல்லை.
எல்லோருக்கும் சமமாக முறை வைத்திருந்தது சிஸ்டம்.
சமம்தான் கோளாறு.

ஆஸ்பத்திரி வராந்தாவில்
வங்காளத்திலிருந்து வந்தவரும் வாலாஜாவிலிருந்து வந்தவரும்
டோக்கனோடு ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.
ஸ்ட்ரெச்சர் வந்தால் மட்டும்
அதன் நம்பரை யாரும் கேட்பதில்லை.
சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டு
சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள்.
அந்த ஏற்பாட்டைத்தான் கெர்னலில் போட்டேன்:
ஒலி வந்தால் எல்லோரும் சுவரோரம்.
நாலரைக்கு வெடிப்பு நின்றது.

காலையில் வந்தான். க்ளிக்கை ஓடவிட்டேன்.
அவன் வாசித்ததெல்லாம் தாளத்துக்கு முன்னால் போய் விழுந்தது.
ஒவ்வொரு சுரமும். பிசகாமல், ஏறக்குறைய இருபது மில்லி நொடி.

காட்பாடிக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வரும் ரயில்
தினமும் அதே பத்து நிமிஷம் என்றால்
அதற்குத் தக்கபடி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பலாம்.
அவன் கிளம்பப் பழகியிருக்கிறான்.
மெஷின் பட்ட கடனை
விரலை முன்கூட்டியே இறக்கி
எட்டு மாதம் கட்டியிருக்கிறான்.

"இன்னாக்கா பண்ண?"
"சரி பண்ணேன்டா."
மறுபடி வாசித்தான். மறுபடி முந்தினான்.
"வெள்ளிக்கெழம ஆம்பூர்ல கல்யாணம், லைவ் வேற.
அதுவரிக்கும் பழசையே வெச்சிரு."

வைத்தேன். ஆயிரத்து இருபத்துநான்கு.
லைவில் எப்படியும் படம்தான் பின்தங்கும்;
அங்கே பாட்டை நானே பிடித்து நிறுத்திவைப்பேன்,
உதடு வந்து சேரும்வரை.
அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு
ஏழு மீட்டர் தள்ளிப் போய் நின்றான், நிம்மதியாக.

போன வருஷம் பேர்ணாம்பட்டிலிருந்து
தில்ஷாத் என்று ஒருத்தி பாட வந்தாள்.
இரண்டு வரி பாடிவிட்டு ஹெட்போனைக் கழற்றி
"உள்ள யாரோ என் பின்னாடியே பாடுறாங்க" என்றாள்.
மைக்கிலிருந்து உள்ளே ஒரு குடம், வெளியே ஒரு குடம்.
நாற்பத்திரண்டு. பதினாலு மீட்டர்.
தெருவின் எதிர்ச்சாரி.

நான் என்ன சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது.
வீட்டில் நன்றாகப் பழகிவிட்டு வாம்மா என்றேன்.

அவள் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது.
எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
கீழே கம்ப்ரஸர் நிற்கட்டும்.